பேச்சில்லாத கிளிப்

வியாழக்கிழமை, இரவு.

படுத்தும் தூக்கம் வரவில்லை. நான் எடிட் செய்து அனுப்பிய ஆஸ்டின் டவுன் கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டு, மணப்பெண் ஷீலா மதியம் ஸ்டுடியோவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, சர்ச்சுக்குக் கிளம்பும்போது எங்கப்பா என் நெத்தியில சிலுவ போட்டாரே, அது எங்கக்கா?"

"இருக்கும்மா, பாத்து சொல்றேன்" என்றேன். இருக்கிறதா என்று எனக்கே தெரியாது.

இப்போதெல்லாம் முதல்கட்ட எடிட்டிங்கை ஏஐ ஏஜென்ட்தான் செய்கிறது. 'பேச்சில்லாத கிளிப்புகளை எடுத்துவிடு' என்று அதற்கு எழுதிக் கொடுத்தது நான். ஷீலாவின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு இல்லை. நடுங்கும் கட்டைவிரலால் சிலுவை வரைந்துவிட்டு, மகளையே பார்த்தபடி நின்றிருக்கிறார். ஏஜென்ட் அதை வெட்டிவிட்டது. அதைத் திட்டி என்ன பயன்? சொன்னதைத்தானே செய்தது. முழுதாகப் பார்க்காமல் அனுப்பியவள் நான்.

நல்ல வேளை, ஒரிஜினல் ஃபுட்டேஜ் ஹார்ட் டிஸ்கில் இருந்தது. அந்தக் கிளிப்பைத் திரும்பச் சேர்த்து, ஏஜென்ட் தொடாதபடி லாக் செய்து, சாயந்திரமே அனுப்பினேன். ஷீலா போனில் அழுதாள்.

"ஆய்த்து, விடும்மா. சரியாயிடுச்சில்ல?" என்றார் ஸ்டுடியோ ஓனர், முடிந்துவிட்டது என்பதைக் கன்னடத்தில் சொல்லி.

எப்படி விடுவது? இந்த சீசன் முழுக்க எல்லாக் கல்யாணத்துக்கும் அதே வரியைத்தான் கொடுத்தேன். மற்றவர்களின் ஃபுட்டேஜை இடம் போதாமல் அழித்தாகிவிட்டது.

அவர்களில் யாரும் இன்னும் போன் செய்யவில்லை.