தரையில் விரித்த வானம்

ஆனால் அதற்காக வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வந்துவிடுவேன் என்று நீ சொல்லியனுப்புவது என்ன நியாயம், கண்ணு? மாப்பிள்ளை போனில் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோயிற்று. குழந்தை தங்க வேண்டுமென்றால் அசையாமல் படு என்று டாக்டர் சொல்லியிருக்க, நாடகப் படுதாவில் வானம் பூசி முடியவில்லை என்று ஒருத்தி ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுந்து வருவாளா?

சரி, முறையாக ஆரம்பிக்கிறேன். என் அண்ணன் பெற்ற மகாராசிக்கு உன் அத்தை எழுதுவது. இங்கே நான் சுகம், உன் வீடு சுகம், தொட்டிச் செடிகளில் ஒன்றைத் தவிர மற்றவையும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற செல்லமும் சுகமாக இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் கடவுளை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். என் குரல் கேட்டாலே அவர் இப்போது, வந்துட்டாளா என்று நிமிர்ந்து உட்காருவார். டாக்டரம்மா உன் செல்போனைப் பிடுங்கி வைத்தது ரொம்ப நல்லது. படுத்தபடியே பட்டறை முழுவதையும் மேய்த்துக்கொண்டிருந்தாயாமே. அதனால்தான் கடிதம். நான் எட்டாவதோடு நின்றவள், பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

நீ வரைந்து வைத்திருந்த வானப் படத்தைக் கொடுத்துவிட்டு வரத்தான் நாடகப் பட்டறைக்குப் போனேன். போனால், உன் தாடிக்காரத் தலைமைப் பெயின்டர் கவிழ்த்த வாளிமேல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். மற்ற இரண்டு பெயின்டர்களும் வேறு நாடகத்தோடு வெளியூர் போய்விட்டார்கள். தரை முழுக்க வெள்ளைப் படுதா விரித்துக் கிடக்கிறது. நீ தனியாக யோசித்து வரைந்த முதல் வானம் அதில் ஏற வேண்டும், அதை ஏற்ற ஆள் இல்லை. ஆள் இல்லை என்று கேள்விப்பட்டால் நீ கட்டிலில் தங்குவாயா? "தம்பி, எனக்குக் கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. சொல்றதைச் செய்யறேன். அவ மட்டும் எழுந்து வரக் கூடாது" என்றேன். முன்னே பின்னே பெயின்ட் அடித்திருக்கிறீர்களா என்று கேட்டார். "வீட்டு கேட்டுக்கு அடிச்சிருக்கேன்" என்றேன். அந்தப் பக்கம் பலகை அறுத்துக்கொண்டிருந்த தச்சர் தலையைத் தூக்காமலே, "கேட்டுக்கு அடிச்ச கையா? அப்ப சொர்க்கவாசல்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து அங்கே எல்லோருக்கும் நான் அத்தை. அந்தத் தச்சருக்கும் அத்தைதான், என்னைவிடப் பெரியவர், வெட்கமே இல்லை.

முதலில் பசை காய்ச்சித் துணிக்குப் பூசினோம். அந்த நாற்றத்தில் எப்படியம்மா நீ இத்தனை வருஷம் இருந்தாய்? உன் சேலையில் அடிக்கிற வாடை என்ன வாடை என்று நான் கேட்டதையெல்லாம் மன்னித்துவிடு. பிறகு சுண்ணாம்புப் பொடி தடவிய நூலைச் சுண்டிச் சுண்டிக் கட்டம் போட்டோம். உன் படத்தில் ஒரு விரல் அகலக் கட்டம், துணியில் ஒரு கட்டிலளவு. நீண்ட கம்பின் நுனியில் பிரஷைக் கட்டிக் கையில் கொடுத்தார். குனியவே வேண்டாம், வீடு பெருக்குகிற மாதிரி நின்றுகொண்டே பூசலாம். இது தெரியாமல் உன் இடுப்பை நினைத்து எத்தனை நாள் கவலைப்பட்டேன்.

பூசினேன், நன்றாகத்தான் போயிற்று. ஆனால் அடுத்த கட்டத்துக்குப் போக அதன்மேலேயே நடக்க வேண்டும் என்றார். வானத்தின் மேல் எப்படிக் கால் வைப்பது? துணிதான், எனக்கும் தெரியும். ஆனாலும் நான் தினமும் அந்தப் பக்கம் பார்த்துத்தானே கும்பிடுகிறேன். அதனால் ஏறும்போதெல்லாம் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினேன். யாரும் கவனிக்கவில்லை. மதியம் தச்சர்தான், அத்தை கண்ணுக்கு மை பூசி வந்திருக்கிறார் என்று சொல்லிச் சிரித்தார். கண்ணாடியில் பார்த்தால் இரண்டு இமையும் நீலம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் தம்பி மேல்மாடத்தில் ஏறி நின்று பார்த்தார். பார்த்தவர், "அத்தை, யாரு இங்க பறவை போட்டது?" என்று கத்தினார். பறவையாவது ஒன்றாவது என்று நானும் ஏறிப் பார்த்தேன். நான் தொட்ட ஓரத்தில் ஈரத்தோடு என் விரல்கள் பதிந்து பதிந்து, தூரத்துக்கு அச்சாகப் பறவைக் கூட்டம். எனக்கு உயிரே போயிற்று. உன் படத்தில் பறவை கிடையாதே. முழுக்க அழித்துவிடுகிறேன் என்றேன். அவர் தாடியைச் சொறிந்துகொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "கூட்டமா இருந்தா ஏதோ செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கு. நாலஞ்சு இருக்கட்டும், மத்ததை மூடிடுங்க. வானம் உங்க மருமகளோடது, வேண்டாம்னா அவ வந்து அழிச்சுக்கட்டும்" என்றார். உனக்குக் கோபமா, கண்ணு? மறுநாளிலிருந்து காலையில் போனதும் ஒரே தடவை, அன்றைக்கு வைக்கப்போகிற மிதிக்கெல்லாம் சேர்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஏறினேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கீழ் வானத்துக்கு அவர் கலந்து வைத்த நீலம் எனக்கு ரொம்பக் கறுப்பாகத் தெரிந்தது. விடிகிற வானம் என்று நீ எழுதியிருக்க, இது நடுராத்திரியாக இருக்கிறதே என்று, அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் வெள்ளையை அள்ளி ஊற்றிக் கலக்கிப் பூசிவிட்டேன். காய்ந்ததும் பார்த்தால் வானம் காய்ச்சலில் படுத்தவள் முகமாக வெளிறிக் கிடக்கிறது. ஈரத்தில் கறுப்பாகத்தான் இருக்குமாம், காயக் காய வெளுக்குமாம். திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. ஒரு துண்டுத் துணியில் நீலத்தைப் பூசி, தலை உலர்த்துகிற மிஷினைக் காட்டிக் காயவைத்து என் கையில் கொடுத்து, இனிமேல் கண்ணை நம்பாமல் இதை நம்புங்கள் என்றார். மறுபடி பூசினோம். அடிவானத்துக்கு மட்டும் பிரஷை உதறி உதறிப் பொன்னிறத்தைத் தெளிக்க வேண்டும். அதில் எனக்குக் கை ஓடிவிட்டது. இஸ்திரி போடுமுன் துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற அதே கைதானே. தச்சர் சட்டையிலும் கொஞ்சம் தெளித்தேன், தெரியாமல் இல்லை.

போன வருஷத்தைப் பற்றி நான் பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ ஏணி ஏறியதால்தான் அந்தப் பிள்ளை தங்காமல் போயிற்று என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் ஒருநாளும் நினைத்ததில்லை. நீதான் நினைத்தாய், வாய்விட்டுச் சொல்லாமல். இந்தத் தடவை எது நடந்தாலும் உன்மேல் குற்றம் இல்லை. ஆனால் நீ எழுந்து வந்து ஏதாவது ஆகிவிட்டால், நான் என்ன சொன்னாலும் உன் மனசு கேட்காது. அதற்குத்தான் எனக்குப் பயம், பஸ் குலுங்குவதற்குக்கூட இல்லை. அந்தச் சின்னச் சட்டைகளை அலமாரி மேல்தட்டில் துணி சுற்றி வைத்தவள் நான். தூசி தட்டுவேன், இறக்க மாட்டேன். பிள்ளையை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நீ வந்து இறக்கு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. இடது பக்கமாகவே படு. அழுகை வந்தால் அழு, எழுந்து மட்டும் உட்காராதே. மாப்பிள்ளை தூங்குகிறாரா என்று கேள், அவரும் பயந்துபோய்த்தான் இருப்பார், ஆண்பிள்ளை சொல்ல மாட்டார். ஆண்டவன் உன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருக்கட்டும். நீ நிறைவயிறோடு பத்து மாசமும் தாண்டி, இரண்டு பேராக வீடு வந்து சேர வேண்டும்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
உன் அத்தை.

உறையை ஒட்டப் போனபோதுதான் ஞாபகம் வந்தது, இதைச் சொல்லத்தான் பேனாவையே எடுத்தேன். வானத்தை இன்று மதியம் மேடையில் தூக்கிக் கட்டியாகிவிட்டது.