நம் வீட்டுச் சீட்டி

பிரியமுள்ள சேனெயோவுக்கு, உன் திரோ எழுதுவது. நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா? அங்கே மழை வந்துவிட்டதா?

போன வாரம் நீ விற்ற நெற்றிவெள்ளைக் காளையைப் பார்த்தேன். வியாபாரி அவனை நான் வேலை செய்யும் இறைச்சிக்கூடத்துக்கே கொண்டுவந்திருக்கிறான். அது தெரியாமல், பட்டியைக் கழுவிக்கொண்டே, நம் வீட்டில் தவிடு வைக்கும்போது அடிக்கிற சீட்டியை அடித்துவிட்டேன். வீட்டுக்கு ஒரு சீட்டி அல்லவா, மற்ற மாடுகள் அசையவில்லை. இவன் மட்டும் வெட்டுமிடத்துக்குப் போகிற குறுகலான வழியில் என் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். பின்னால் வந்தவையெல்லாம் தேங்கிப்போயின.

"டேய் திரோ, அது என்ன உன் மச்சானா?" என்று மேஸ்திரி மோதுசி கத்தினார்.

"எங்க வீட்டு மாடுண்ணே. என் பொண்டாட்டி வளர்த்தது."

"அப்போ நீயே முன்னாடி போய் உள்ள கூப்பிடு."

போனேன். சீட்டி அடித்தேன். வந்தான்.

எல்லாரும் சிரித்தார்கள், வேறொன்றுமில்லை. "என்னமா தேத்தியிருக்கா! அந்தக் கைக்கு வளையல் போடணும்டா" என்றார் மோதுசி. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள, காயவைத்த மொபானே புழு இருந்தால் ஒரு பை கொடுத்தனுப்பு. சட்டைக்கு இரண்டு பட்டனும் வேண்டும். மீதி இரண்டு காளைகளையும் தீனிக்குக் கூப்பிட இனி வாளியைத் தட்டு; சீட்டி வேண்டாம்.

லாரி வந்துவிட்டது, முடிக்கிறேன். நான் இங்கே வந்ததிலிருந்து, கூப்பிட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தவன் அவன் ஒருவன்தான், சேனெயோ.

உன் திரோ