‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லிவிட்டேன்

பெரியவனின் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? தைலம் தீர்வதற்குள் சின்னவளிடம் சொல்லி வாங்கி வைத்துக்கொள். என் நலத்தைப் பற்றி வழக்கம்போல் முதல் வரியில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது.

போன மாதம் கிடங்கில் சரக்கைச் சரிபார்க்கும்போது மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டி என் தலையில் விழுந்தது. பயப்படாதே, காயம் ஆறிவிட்டது. தலைவலிதான் விடவில்லை. அது விபத்தால் வந்தது என்று காப்பீட்டு மருத்துவர் ஒப்புக்கொண்டால்தான் இழப்பீடும் விடுப்பும் கிடைக்கும்.

எங்கே, எப்போது வலிக்கிறது என்று வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு, சவரம் செய்து, சலவைச் சட்டையில் போனேன்.

“வாங்க பெரியவரே, எப்படி இருக்கீங்க?” என்றார் மருத்துவர்.

“நல்லா இருக்கேன். நீங்க சௌக்கியமா?” என்றேன். வேறென்ன சொல்வது? அதை உடனே எழுதிக்கொண்டார். மற்றதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. இவ்வளவு கோர்வையா பேசுறீங்க. தலைவலிக்காரர் மாதிரியா இருக்கு?”

வெளியே வந்ததும், துணைக்கு வந்த கிடங்கு டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். “தலையப் பிடிச்சிக்கிட்டு முனகிக்கிட்டே போயிருக்கணும் ஐயா! படிச்சவருக்கு இதுகூடவா தெரியாது?”

நேற்று காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. வலிக்கும் விபத்துக்கும் தொடர்பில்லையாம். நலமாக இருப்பதாக நானே சொன்னேனாம். சில சமயம், வலிப்பது நிஜம்தானா என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

உன் பதிலைப் பெரிய எழுத்தில் எழுது. பொடி எழுத்து கண்ணைக் குத்துகிறது, படித்துக்காட்ட இங்கே ஆளில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது.

எப்படி இருக்கிறேன் என்று மறக்காமல் கேள். உனக்காவது சரியாகப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

உன் வீட்டுக்காரன்