விமானப் படம் போட்ட பொத்தான்

பெரியவளின் அம்மாவுக்கு ஆசையுடன் எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

பட்டமளிப்பு விழாவில் பெரியவள் பேசியதை நான் இங்கிருந்து நெட்டில் நேரலையாகப் பார்க்காததற்கு, இங்கே கரண்ட் போனதுதான் காரணம் என்று அவளிடம் சொன்னேன். அது பொய். அவள் வாங்கி அனுப்பிய லேப்டாப்பில் விமானப் படம் போட்ட பொத்தான் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பேசுவதற்கு அதுதான் போலிருக்கிறது என்று அமுக்கினேன். வைஃபை போய்விட்டது. "நீதான் எதையோ பிடுங்கிட்டே" என்று அறையில் கூட இருக்கும் சமையல்காரரைத் திட்டித் தீர்த்தேன். விழா முடிந்த பிறகுதான் பக்கத்து அறை எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தான்.

"அண்ணே, இதை அமுக்கினா நெட்டே வராது. பிளேன்ல போறவங்களுக்கு உள்ளது."

"நானும் பிளேன்லதானேப்பா வந்தேன்?"

சமையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத் தலை நிமிரவில்லை.

"பரவால்லப்பா, கரண்ட் போனா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று அவள் என்னையே தேற்றினாள் பார், அதுதான் உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது நானே அவளிடம் உண்மையைச் சொல்கிறேன். நீ அவள் பக்கத்தில் இரு. இங்கே வருகிறவர்கள் யாரிடமாவது என் படிக்கிற கண்ணாடியையும் உங்கள் போட்டோ ஒன்றையும் கொடுத்தனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அவள் கோபம் தணிந்ததும், விழாவில் பேசிய அந்தப் பேச்சை எனக்காக ஒரு தடவை பேசிக் காட்டச் சொல்லேன்.

உன் வீட்டுக்காரன்