சாவோலாவுக்குக் கட்டிய நூல்

மார்ச் 4

மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. விதைப்புக்குக் காடு எரிக்கப் போயிருக்கிறார்களாம். வந்தவர்களும் தூங்கி வழிந்தார்கள். இந்த மலைக்கு மாற்றலாகிப் பதினோரு வருஷம் ஆகியும் புளித்த மீன் நாற்றம் மட்டும் எனக்குப் பழகவில்லை.

மார்ச் 6

பள்ளியை மூடிவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேட்டைக்காரன் தோங்தாமின் நாய்கள் ஓடையில் ஒரு சாவோலாவை, மான் சாயல் கொண்ட அந்த அபூர்வக் காட்டு மாட்டை, மடக்கியிருக்கின்றன. கயிறு கட்டி இழுத்துவந்து என் வகுப்பறையில் அடைத்துவிட்டான். ஊரில் தாழ்ப்பாள் உள்ள கதவு அது ஒன்றுதானாம்.

ராட்டையின் இரு தூண்களைப் போல நேரான கொம்புகள். பெயருக்கே அதுதான் அர்த்தம். முகத்தில் வெள்ளைக் கோடுகள். இனமே அழிந்திருக்கும் என்று தலைநகரத்தில் பேசிக்கொள்கிறார்கள். இங்கே என் கரும்பலகைக்குக் கீழே நிற்கிறது! தொட்டால் நகரவில்லை. கையிலிருந்து இலை வாங்கித் தின்றது.

"எவ்வளவு சாது பாத்தீங்களா டீச்சர்? எங்க மாமியாரை இதுகிட்ட பாடம் படிக்க அனுப்பணும்," என்றான் தோங்தாம். எல்லாரும் சிரித்தோம். அதன் விலா மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

மார்ச் 7

ஊர்த்தலைவர் உடோனிடம் கேட்டுப் பார்த்தேன். "விட்டுடுங்கண்ணே. பயத்துலயே செத்துடும்."

"பயந்த மாடு முட்டும், டீச்சரம்மா. இது நம்ம வீட்டுல பொறந்த மாதிரி நிக்குது. கண்ணி வைக்கிற ஊருன்னு மாவட்ட ஆபீசர் ஐயா நம்மள எத்தனை தடவை திட்டினாரு? வந்து பாக்கட்டும். அதுவும் இல்லாம, வந்த விருந்தாளிய, உயிர் உடம்புல நிலைக்க மணிக்கட்டுல நூல் கட்டாம அனுப்புறதா?"

விருந்தாளியாம். கயிற்றில் இழுத்து வந்த விருந்தாளி.

மார்ச் 8

சீ.

என் மேசைமேல் வாழையிலைக் கூம்பு, பூ, அவித்த கோழி. சாடி மதுவில் குழல் போட்டு உறிஞ்சியபடி ஊரே உள்ளே. "உயிரே, காட்டுல அலையாதே, வந்துடு, எங்ககூட இருந்துடு" என்று பூசாரி அதன் உயிரைக் கூப்பிட்டார். அப்புறம் ஆளாளுக்கு வெள்ளை நூல் கட்டினார்கள். "விருந்தாளிக்கு மணிக்கட்டு நாலுடா, விடாதீங்க!" என்று ஒருவன் கத்தினான். ஒருத்தன் அதன் வாயில் மது தடவினான். கோழிக் கொழுப்புக் கையோடு கழுத்தைக் கட்டிக்கொண்டு போனில் படம். அது ஒருவனையாவது உதைத்திருக்கக் கூடாதா?

எனக்கும் கட்டினார்கள். நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை, நான்.

"சடங்கு முடிஞ்சுதே, இப்பவாவது விடுங்களேன்" என்றேன். உடோனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணு நாளைக்கு நூல் அறுபடக் கூடாதுன்னு தெரியாதா? காட்டுல விட்டா முள்ளுல மாட்டி அறுந்துடும். அதோட உயிருக்குத்தானே கெடுதல்? மூணு நாள் போகட்டும், நானே கதவைத் திறக்குறேன்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 9

இலை தின்னவில்லை. தண்ணீரும் தொடவில்லை.

எல்லாரும் வயலுக்குப் போன நேரம் பார்த்துக் கயிற்றை அவிழ்த்தேன். கதவை விரியத் திறந்தேன். போ. போயேன்! எழுந்து இரண்டடி வைத்தது. வாசலிலேயே மடிந்து உட்கார்ந்துவிட்டது. பின்னால் தோங்தாம் வந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தீங்களா, நம்மள விட்டுப் போக அதுக்கே மனசில்ல."

அட பாவி.

மார்ச் 10

விடியும்போது செத்துக் கிடந்தது. மதியம் ஐயா வந்தார். மூங்கில் முட்டுக் கொடுத்து அதை நிற்கவைத்தார்கள். பக்கத்தில் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்டு, "அடுத்தது உயிரோட இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தூ!

எல்லார் முன்னாலும் கத்தரிக்கோலை எடுத்து என் கை நூலை வெட்டினேன். யாரும் திட்டவில்லை. தோங்தாமின் மனைவிதான் அழுதாள். "உங்க நல்லதுக்குத்தானே கட்டினோம், டீச்சர்?"

மார்ச் 11

மூன்று நாள் ஆகிவிட்டது. உடோன் சொன்ன சொல் தவறவில்லை. நாற்றத்தில் உட்கார்ந்து, ஒரு நூலையும் அறுக்காமல், முடிச்சு முடிச்சாக நகத்தால் அவிழ்த்தார். அழுதுகொண்டே அவிழ்த்தார். பிறகு கதவைத் திறந்துவைத்தார்.

மார்ச் 14

பள்ளி திறந்தாயிற்று. தரையை எத்தனை தடவை கழுவியும் வாடை போகவில்லை.

மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. அடுத்த சாவோலாவைத் தேடி அப்பாக்களோடும் நாய்களோடும் காட்டுக்குப் போயிருக்கிறார்கள். இந்தத் தடவை ஐயா வந்து சேர்ந்த பிறகுதான் நூல் கட்டுவார்களாம்.