பஸ் ஸ்டாப் வரை

தம்பிக்கு,

நேற்று நூலக மாடியில் அப்பாவுக்கு நினைவுக் கூட்டம் நடந்தது. வங்கியில் அவர் வகித்த பதவிகள், அவர் முயற்சியால் வந்த இலவச டயாலிசிஸ் பிரிவு என்று வரிசையாகப் பேசினார்கள். எனக்குக் கொட்டாவி வந்தது.

கடைசியில் ஒரு தையல்கடைக்கார அம்மா எழுந்தார். "எனக்கு லோன் இல்லைன்னுட்டார். லோன் கிடைச்சவங்களுக்கு உக்காந்த இடத்துலேருந்தே ஒரு தலையாட்டல்தான். இல்லைன்னு சொன்னா மட்டும் மனுஷன் எழுந்து தெருமுனை வரைக்கும் கூடவே வருவார். மறுபடி வாங்கம்மான்னு சொல்வார்."

"அதுக்குள்ள எங்க டீ ஆறிப்போயிடும்" என்றார் பழைய கேஷியர். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

உன் கல்யாணத்துக்குச் சம்மதிக்க மாட்டேன் என்று சொன்ன அன்று, அப்பா உன்னோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தார். துரத்திவிட வந்தார் என்றாய் நீ. மறுபடி வா என்று மகனிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது. அதை நான் நியாயப்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டயாலிசிஸ் பிரிவுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். மகன்தான் திரையை விலக்க வேண்டுமாம். அம்மா உனக்குச் சட்டை வாங்கிவிட்டாள், நீ வீட்டைவிட்டுப் போனபோது இருந்த அளவில். இறுக்கமாக இருந்தாலும் அதையே போட்டுக்கொள். உன் மனைவியையும் அழைத்து வா.

அக்கா