உன் குறையைச் சொல்லும் அந்த மனிதர்

பனிமய மாதா துணை

தூத்துக்குடி,
12.11.1974

அன்புள்ள மகள் பிலோமிக்கு அம்மா எழுதுவது. டெல்லிக் குளிரில் நீ காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்க தினமும் செபிக்கிறோம். இங்கே நாங்கள் நலம் என்று முழுதாக எழுத முடியவில்லை, அதைப் பிறகு சொல்லுகிறேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ ஆபரேஷன் செய்யும்போது உன் பெரிய டாக்டர் பின்னால் நின்று பார்த்து, முடிந்ததும் இங்கே தையல் இறுகிவிட்டது, அங்கே வீணாக நேரம் போனது என்று சொல்லுவதாகவும், சனிக்கிழமைதோறும் யாருடைய நோயாளிக்குப் புண் சீழ் பிடித்தது, யாருடைய நோயாளி இறந்தார் என்று எல்லார் முன்னாலும் வாசிப்பதாகவும், அதனால் உன் கை திருந்தி வருவதாகவும் எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் எந்த ஊர்க்காரர், அவருடைய ஆள் யாராவது உன் இடத்துக்குக் காத்திருக்கிறார்களா, ஒரு பெண் கத்தி பிடிப்பது அவருக்கு ஆகவில்லையா? சீழ் பிடிப்பது குறைந்துவிட்டது என்கிறாய், சீழ் பிடித்தவர்களை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டு எண்ணுகிறார்களோ என்னவோ. நம் பக்கத்தில் சங்கு குளிக்க இறங்குகிறவன் தன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான், தங்கை தாலி இழக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்ற நம்பிக்கை. நீ உன் கயிற்றை முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்திருக்கிறாய். இதை அப்பாவிடம் சொன்னதற்கு, "ஏளா, காப்பி நல்லாயில்லன்னு நான் சொன்னாலே எவ சொல்லித் தந்தான்னு கேக்குறவதான நீ" என்று சிரித்தார்.

சிரித்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தொப்புளுக்கு மேலே இருந்த குடலிறக்கம் பெரிதாகிவிட்டது, இனி ஆபரேஷன்தான் என்றாகிவிட்டது. ஞானஸ்நானத்தில் உன்னைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் டாக்டர் செல்வதுரை இருக்கும்போது வேறு யாரிடம் போக? போன வாரம் அவரைப் பார்க்கப் போனபோது, உன் கடிதம் மனதில் கிடந்ததால், உங்கள் வேலையில் குறை இருந்தால் யார் உங்களுக்குச் சொல்லுவார்கள் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அப்பா என் காலை மிதித்தார். டாக்டர் கோபப்படவில்லை. "இத்தன வருசத்துல, மறுபடியும் குடல் இறங்கிட்டுன்னு ஒருத்தர் கூட எங்கிட்ட வந்து நின்னதில்லம்மா" என்றார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த நிம்மதியோடுதான் மரியான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர், அவருக்கும் நம் டாக்டர் இதே ஆபரேஷன் செய்திருந்தார். எத்தனை நாள் படுக்க வேண்டும், என்ன சாப்பிடலாம் என்று கேட்கத்தான் போனேன். மதினி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். வருஷம் திரும்புமுன் அண்ணனுக்கு மறுபடியும் இறங்கிவிட்டதாம், வேளாங்கண்ணிக்குப் போகிறோம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு மதுரையில் போய் இன்னொரு தடவை ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார்களாம். இன்னொரு குடும்பமும் இப்படி ரகசியமாகத் திருநெல்வேலிக்குப் போனதாம். டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நம்ம வீட்டு நல்லது பொல்லாததுக்கெல்லாம் வந்து நிக்கிற மனுசன். அவரு மூஞ்சியப் பாத்து, ஒங்க தையலு விட்டுப்போச்சுன்னு எப்படிச் சொல்ல?" என்றார்கள்.

அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனை இல்லை. டாக்டர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எங்கே தவறுகிறது என்று பார்த்து மாற்றியிருப்பார், அவ்வளவு நல்லவர். அந்த நல்ல குணத்துக்கு அஞ்சியே எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம், அவரும் அதே தையலைப் போட்டுக்கொண்டிருக்கிறார். அப்பாவிடம் இதைச் சொன்னதற்கு, ஞானத்தகப்பனை விட்டுவிட்டு வேறு இடம் போனால் கோயிலில் எப்படி முகம் கொடுக்க என்கிறார். வயிறு அவருடையது, பிறகு பார்த்துக்கொள்ளப்போவது நான்.

உன் பெரிய டாக்டர் மேல் இன்னும் என் சந்தேகம் தீரவில்லை. சனிக்கிழமை அவருடைய தவறுகளையும் வாசிக்கிறார்களா என்று உண்மையாக எழுது. வாசிக்கிறார்கள் என்றால் ஜனவரியில் அப்பாவை அங்கே கூட்டி வருகிறேன். அப்பாவுக்கு நீதான் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம், சொந்தக்காரரைத் தொடக்கூடாது என்று அங்கே முறை இருந்தால் அதை நீயே அவரிடம் சொல்லிக்கொள். யார் செய்தாலும் சரி, கூசாமல் குறை சொல்லுகிறவர் ஒருவர் பின்னால் நிற்க வேண்டும்.

ராத்திரி டியூட்டிக்குப் போகும்போது கம்பளியை மறக்காதே, வெறும் டீயோடு நாளை ஓட்டாதே. மாதா உன் கையையும் கண்ணையும் காத்து நடத்தட்டும். ஒன்று மட்டும் நினைவில் வை. டாக்டர் செல்வதுரைக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்து அனுப்பும்போது இதைப் பற்றி ஒரு வரியும் எழுதாதே. நீ எழுதிவிட்டால் நான் நேரில் போய்ச் சொல்லாமல் தப்பித்துக்கொள்வேன்.

உன் அன்புள்ள அம்மா,
ஞானசௌந்தரி வில்பிரட்